சோத்தாங்கைப் பக்கம்

முதலில் ஓர் இழையை உருவ வேண்டும்.
அது போன தடத்தில் கத்தரி போகும்.
கோணலாக வெட்டினால் லினன் மன்னிக்காது,
துவைத்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

சங்க்ட் காலனில் அருங்காட்சியகத்தின் பின்னறை.
பதினெட்டு டிகிரி, அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள்.
ஸ்வெட்டர் எனக்கு, குளிர் அதற்கு.
அது என்பது
தரைப்பலகைக்கு அடியில் எலிகள் விட்டுவைத்த
ஒரு பெண்ணின் தலைக்குல்லாய்.
நானூற்று எண்பது வருடம் இருக்கலாம் என்கிறாள் உர்சினா,
'இருக்கலாம்' என்பதை அழுத்தி.
வடிகட்டிய டீத்தூளின் நிறம்.
இந்த ஊர்ப் புல்வெளிகளில்தான்
மாடு நுழையாமல் காவல் போட்டு
முழம் முழமாக விரித்து வெளுத்தார்களாம்.

எனக்கு வேலை: அதேபோல் இன்னொன்று,
காட்சிக்கு வைக்கும் பொம்மைத் தலைக்கு.
பொம்மைக்குக் காது இல்லை.
குல்லாய் நிற்கக் காது வேண்டுமே என்று
நான் சொன்ன பிறகுதான் எல்லோரும்
தங்கள் காதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இங்கே பேச்சுவழக்கில்
பெண் குல்லாய்க்குள் போய்விட்டாள் என்றால்
கல்யாணம் முடிந்தது என்று பொருள்.
நான் ஒன்பது வருடம் உள்ளே இருந்தேன்.
வெளியே வந்தவளுக்கு என்ன சொல் என்று கேட்டேன்.
உர்சினா யோசித்தாள். அப்படி ஒன்று இல்லையாம்.

நூலுக்குத் தேன்மெழுகு, நுனிக்கு எச்சில்.
சென்டிமீட்டருக்குப் பத்துத் தையல்,
லென்ஸில் எண்ணி எண்ணிக் கண்ணில் மணல்.
சுருட்டித் தைத்த ஓரத்தில் எல்லாத் தையலும்
ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது,
அவசரக் கையெழுத்துபோல்.
முடிச்சு இடது மூலையில். பயணம் வலப்பக்கமாக.
ஊசியைக் கீழே வைத்தேன்.
இவள் பீச்சாங்கைக்காரி.

துணியைத் திருப்பிப் பிடித்தும் தைத்திருக்கலாம்
என்றாள் உர்சினா. குறிப்பேட்டில்
'இடதுகை' என்று எழுதிப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
கேள்விக்குறி போடுவது அவள் தொழில்.

திருநீறு வாங்க நீட்டித்
தட்டிவிடப்பட்ட கை, பந்தியில்
அப்பளம் வைக்கப்போய்ப் பாதியில் நின்ற கை,
அடிமட்டத்தின் விளிம்பை
சென்டிமீட்டர் பக்கமும் அங்குலப் பக்கமும் அறிந்த கை,
தன் இனத்தை எந்த நூற்றாண்டிலும் கண்டுகொள்ளும்.

மூன்று நாள் சுகமாகப் போயிற்று.
அவள் சாய்த்த பக்கமே நானும் சாய்த்தேன்.

நான்காம் நாள், நெற்றிக்கு மேலே
நாலு விரற்கடை தூரத்துக்கு
தையல் மறுபக்கம் சாய்கிறது.
பெரிதும் சிறிதுமாக, இடைவெளி தப்பி,
ஓரிடத்தில் துணியைக் கடித்துக்கொண்டு.
வேறொருத்தி முடித்திருப்பாள் என்றாள் உர்சினா.
நூல் மாறவில்லையே என்றேன்.
ஒரே நூல், நடுவில் முடிச்சில்லை,
கை மட்டும் மாறியிருக்கிறது.

யாரோ வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்.
இருக்கலாம். நானும் அழுத்தியே சொல்கிறேன்.

நகல் என்றால் நகல்.
ஊசியைச் சோத்தாங்கைக்கு மாற்றினேன்.
நாலு விரற்கடைக்கு ஒரு பிற்பகல் முழுக்க.
பெருவிரலில் இரண்டு துளி ரத்தம்,
துணியில் படுமுன் வாயில் வைத்துக்கொண்டேன்.
உர்சினா இரண்டையும் லென்ஸின் கீழே
அருகருகே வைத்து வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
இவ்வளவு மோசமாகத் தைக்க
எங்கே கற்றுக்கொண்டாய்?
மூன்றாம் வகுப்பில் என்றேன்.

இரவு கோதுமைக் கஞ்சி காய்ச்சினேன்
(சோறு வடித்த கஞ்சியே போதும், ஆனால்
அவள் அடுப்பில் அரிசி ஏது).
முக்கிப் பிழிந்து, கவிழ்த்த சட்டியின்மேல் காயவைத்தேன்.
காலையில் அது தானாக நின்றது,
உள்ளே யாரும் இல்லாமல்.

ஒன்றை மட்டும் குறிப்பேட்டில் சேர்க்கச் சொல்லவில்லை.
கடைசி முடிச்சு, உள்மடிப்பில்,
கண்ணில் படாத இடத்தில்,
மறுபடி பீச்சாங்கையால் போட்டது.
அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.
என்னுடையதையும்
அப்படித்தான் போட்டிருக்கிறேன்.